பழைய இரும்புக்கும் சாதி உண்டு

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் போன மாதம் ஒரு குடமுழுக்கு நடந்தது. எழுந்தருளியவர் ஒரு புல்லட். மூன்றெழுத்துப் பழைய மெட்ராஸ் பதிவெண், வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உரிமையாளருக்கு நாற்பத்தைந்து வயது, கணினித் துறையில் பெரிய பதவி. வண்டி அவரைவிடப் பத்து வயது மூப்பு. டேங்கில் சந்தனம், முன்விளக்கில் மல்லிகைச் சரம், இரண்டு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். குழந்தைகள் கூடிவிட்டார்கள். சங்கத் தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அப்பா இதுலதான் சார் ஆபீஸ் போவாரு" என்றார். அவருடைய அப்பா 18-ஆம் நம்பர் பஸ்ஸில் போனவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புல்லட் முன்னால் நிற்கும்போது எல்லாருக்கும் ஒரு புல்லட் அப்பா கிடைத்துவிடுகிறார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடும் அண்ணன் வந்து சேர்ந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நாலு கேன். கேனுக்கு 20 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 80 கிலோ. சீட்டுக்கு மேல் கோணிப்பை, பிரேக் லீவருக்குப் பதில் வேறு ஏதோ வண்டியின் லீவர், இண்டிகேட்டர் இருந்த இடத்தில் செல்லோடேப். வாட்ச்மேன் ஓடிப்போய்த் தடுத்தார். "வண்டிய வெளிய நிறுத்துப்பா. போட்டோல விழுது."

கண்ணைத் துடைத்த அதே சங்கத் தலைவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "இந்த டப்பாவ இன்னுமா ஓட்டுற? காயலாங்கடைல போடக் கூடாதா?"

கேன் அண்ணன் சிரித்தார். தோளில் ஒன்று, கையில் ஒன்றாகக் கேன்களைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். லிஃப்ட் விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டுமே பழைய வண்டிகள். இரண்டுமே இந்த மண்ணில் செய்தவை. ஒன்றுக்கு மாலை, இன்னொன்றுக்குக் காயலாங்கடை. பழமையை மதிக்கும் சமூகம் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோமே, அந்தப் பழமைக்கு ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. அது வேலை செய்யக் கூடாது.

*

புல்லட்டின் குலப்பெருமையைக் கொஞ்சம் பார்ப்போம். பூசையன்று ஆளாளுக்கு அதைத்தானே பேசினார்கள். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் 800 வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி கண்ணை மூடிவிட்டது. பிள்ளை மட்டும் வடசென்னையில் அதே 346 சிசி எஞ்சினை அதே அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தது. 1977-ல் அந்த வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

இதைத்தான் இன்றைக்குப் 'பாரம்பரியம்' என்கிறார்கள். உள்ளபடி சொன்னால், மாற்றுவதற்குக் காசும் இல்லை, மாற்றச் சொல்லிக் கேட்கப் போட்டியும் இல்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் ஒரு ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு, பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறவரை காத்திருந்த தலைமுறை அது. எண்ணெய் ஒழுகாத புல்லட்டை யாராவது பார்த்திருந்தால் அதில் எண்ணெய் இல்லை என்று பொருள். அந்த நாளில் ஒழுகலைச் சபித்துக்கொண்டே ஓட்டினார்கள். இன்றைக்கு ஒழுகினால், "கேரக்டர் சார், கேரக்டர்" என்கிறார்கள். ஒரு காலத்தின் வசதிக் குறைவு இன்னொரு காலத்தின் அலங்காரமாகிவிட்டது. ஓட்டை ஓலைக்குடிசையை ஐந்து நட்சத்திர விடுதியில் கட்டி, இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்களே, அதே வித்தைதான்.

கம்பெனிகளும் மோப்பம் பிடித்துவிட்டன. 2009-ல் புல்லட்காரர்களே புது எஞ்சினுக்குப் பழைய சட்டை போட்டு 'கிளாசிக்' என்று விற்றார்கள். 1996-ல் மைசூரில் மூடப்பட்ட ஐடியல் ஜாவாவின் பெயர்களும் உயிர்த்தெழுந்தன: 2018-ல் ஜாவா, 2022-ல் யெஸ்டி. பெயர் திரும்பி வந்தது. அந்த மைசூர்த் தொழிற்சாலையில் வேலை இழந்து நின்றவர்கள்? மீட்டெடுப்பு என்பது நட்டு, போல்ட்டு, பெயர்ப்பலகை வரைக்கும்தான் போலிருக்கிறது.

*

புல்லட்டுக்குச் சொந்தக்காரரான நம் குடியிருப்பு நண்பரிடம் வருவோம். "ரெண்டு வருஷம் சார். என் ரெண்டு கையால செஞ்சது" என்று பூசையன்று அறிவித்தார். கைதட்டினோம். நான் கொஞ்சம் மெதுவாகத் தட்டினேன். ஏனென்றால் அந்த இரண்டு வருடத்தில் பல சனிக்கிழமை அவரோடு நானும் போயிருக்கிறேன். அந்த இரண்டு கைகள் என்னென்ன செய்தன என்று எனக்குத் தெரியும். ஒரு கை கைப்பேசியைப் பிடித்தது. இன்னொரு கை டீ கிளாஸைப் பிடித்தது.

வேலை நடந்தது ஒரு பூவரச மரத்தடியில். மெக்கானிக் பாய்க்கு அறுபதைத் தாண்டிய வயது. தகரக் கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண், ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர். வண்டி வந்தபோது அதை வண்டி என்று அவர் மட்டும்தான் சொன்னார். ஏதோ கிராமத்தில் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த இரும்பு. டேங்கில் ஓட்டை, பிஸ்டன் இறுகிப்போய் அசையவில்லை, ஸ்போக்குகள் விரல் பட்டால் உதிர்ந்தன.

அதை எழுப்பியது யார்? புதுப்பேட்டையில் பத்து கடை ஏறி இறங்கி, குவியலுக்குள் கைவிட்டு, தடவிப் பார்த்தே "இது அந்த வருஷத்துக் கிராங்க் இல்ல சார்" என்று சொன்னது யார்? கூவத்து ஓரத்துப் புதுப்பேட்டை ஒரு பல்கலைக்கழகம். செத்த வண்டியின் உறுப்புகளைப் பிரித்து உயிருள்ள வண்டிக்குத் தருகிற இடம். அங்கே இருப்பவர்களைத் திருட்டுச் சாமான் விற்கிறவர்கள் என்ற ஒரே கண்ணோடுதான் ஊர் பார்க்கும். ஆனால் நண்பர் தன் நண்பர்களிடம் சொல்லும்போது அதற்குப் பெயர் 'பார்ட்ஸ் ஹன்டிங்'. காட்டில் புலி வேட்டைக்குப் போய் வந்த மாதிரி.

எஞ்சின் ஏறிய நாளன்று நான் பக்கத்தில் இருந்தேன். பாய் டேப்பெட் மூடியைக் கழற்றினார். எஞ்சின் ஆறிக் கிடந்தது. ஆறியிருந்தால்தான் இந்த வேலை செய்ய வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உள்ளே விட்டு புஷ்ராடைப் பிடித்தார். ஊதுவத்தியை உருட்டுகிற மாதிரி உருட்டினார். "விரல்ல உருளணும் தம்பி. ஆனா மேல கீழ ஆடக் கூடாது. உருளலேன்னா வால்வு மூடாது, எரிஞ்சுடும். ஆடுச்சுன்னா சத்தம் வரும்." நட்டை அரைக்கால் திருப்பு திருப்பினார், மறுபடி உருட்டினார். நாலு முறை. பிறகு பாயின்ட் இடைவெளியை வெறும் கண்ணால் பார்த்து வைத்தார். நம்பாமல் நான் ஃபீலர் கேஜை வாங்கி அளந்தேன். கையேடு சொல்வது 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். இருந்தது அதற்குள்தான். பாய் என் கையிலிருந்து கேஜை வாங்கித் துடைத்துப் பெட்டியில் போட்டார். அதை அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது உதை. டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே மிதி. தப்பாக மிதித்தால் அது திருப்பி மிதிக்கும், முழங்கால் போய்விடும். பாய் மிதித்தார். மூன்றாவது மிதியில் 'தட்… தட்… தட்' என்று எழுந்தது. பல வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த இரும்பு மூச்சு விட்டது.

உடனே நண்பர், "பாய், கொஞ்சம் நகருங்க" என்றார். படம் எடுக்க வேண்டும். அவர் பாயின் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தார். கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ் வேண்டும் என்று பட்டது, தொட்டு வைத்துக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் பூசையன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். பாயுடையது. வெட்டி எறிய மறந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் கணக்கு முடிக்கையில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெயர்ப் பட்டைக்கு, தோல் சீட்டுக்கு, பெயின்டுக்கு, ஹேண்டில்பார் முனைக் கண்ணாடிக்கு எல்லாம் கேட்ட விலை கொடுத்தார். பேரம் நடந்தது ஒரே ஒரு இடத்தில், கூலியில். "பாய், ரெகுலர் கஸ்டமர். பார்த்துப் போடுங்க."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாயின் மகன் அந்த மரத்தடிக்கு வருவதில்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் எல்லாம் சென்சார். விரலால் உருட்டிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் கம்பெனியிடம்தான் இருக்கும். பாயோடு அந்தக் காதும் விரலும் போய்விடும். மீட்டெடுக்க வேண்டிய பழமை அதுதான். அதற்கு எந்த மண்டபத்திலும் கண்காட்சி கிடையாது.

*

புல்லட்டின் சைலன்சரில் முகம் பார்க்கலாம். பூசையன்று குழந்தைகள் வரிசையில் நின்று முகம் பார்த்தன. நானும் பார்த்தேன். எனக்கு வேறொரு முகம் தெரிந்தது.

குரோம் பூசும் பட்டறையில் துருப்பிடித்த சைலன்சரையும் ரிம்மையும் ஹேண்டில்பாரையும் முதலில் பட்டைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்கிறார்கள். பிறகு நிக்கல் தொட்டி, அதற்கப்புறம் குரோம் தொட்டி. தொட்டியில் மின்சாரம் ஓடும்போது குமிழி கிளம்பும். குமிழி உடைந்தால் நுண்ணிய அமிலத் தூறல் காற்றில் ஏறும். அதில் இருப்பது ஹெக்சாவேலன்ட் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நாள்பட மூச்சில் போனால் மூக்குத்தண்டின் நடுச்சுவரில் ஓட்டை விழும். மருத்துவ நூல்கள் நூறு வருடத்துக்கு மேலாக எழுதிவைத்திருக்கும் தொழில் நோய் இது. ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை.

நாங்கள் போன பட்டறையில் காற்றை இழுக்கும் விசிறி ஓடவில்லை. தொட்டிக்குள் சைலன்சரைத் தொங்கவிட்ட பையனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரு கையில் கிழிந்த ரப்பர் உறை, மறு கை வெறுங்கை. முகத்தில் கர்சீப். நண்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி ஒரு விரல் அளவு திறந்து, பட்டறைக்காரரிடம் சொன்னார்: "மினுமினுன்னு இருக்கணும், என்ன?"

மினுமினுவென்றுதான் இருக்கிறது. மூக்கில் ஓட்டை விழுந்தால் அதை எந்தப் புதுப்பேட்டையில் மாற்றுவது?

*

இனி, மாற்றம் என்னும் மகா கலை. மீட்டெடுப்புப் பிரிவினர் ஒரு திருகாணிகூட ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பார்கள். மாடிஃபைப் பிரிவினர் ஒரு திருகாணிகூட ஒரிஜினலாக இருக்கக் கூடாது என்பார்கள். வைணவத்தில் வடகலை, தென்கலை மாதிரி. இரண்டு கலைக்கும் பிரசாதம் ஒன்றுதான், பெருமை.

மாடிஃபைக்காரர் முதலில் கை வைப்பது பின் சீட்டில். சட்டத்தை அறுத்து, மட்கார்டை வெட்டி, ஒருவர் மட்டும் உட்காரும்படி செய்துவிடுகிறார். நம் ஊரில் இந்த வண்டி எப்படி ஓடியது? டேங்கின் மேல் சின்னவன், நடுவில் அப்பா, பின்னால் அம்மா, அம்மா மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் பை. சில ஊரில் பால் கேன். ஒரு குடும்பத்தையே சுமந்த முதுகை அறுத்துக் குறைத்துவிட்டு, தனி ஒருவர் கடற்கரைச் சாலையில் இட்லி தின்னப் போகிறார். இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

அடுத்தது சைலன்சர். ஷார்ட் பாட்டில், பஞ்சாப், கோல்டுஸ்டார் என்று பிராந்திக்கடைப் பட்டியல் மாதிரி அதில் வகைகள். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80 டெசிபெல். இவர்கள் ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகையில், அந்தச் சாலையோரம் இரவு வேலை முடிந்து படுத்தவர் எழுந்து உட்கார்வார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர் எழ முடியாமல் கிடப்பார். அதே விடியலில் காசிமேட்டிலிருந்து மீன்கூடையை வைத்துக்கொண்டு பழைய எம்80-யில் வரும் மீன்காரரின் சைலன்சர் துருப்பிடித்து உடைந்து கத்தினால், அது குற்றம். கத்தல் ஒன்றுதான். ஒன்று விலை கொடுத்து வாங்கியது, இன்னொன்று வறுமையில் வந்தது.

சட்டம் பேசாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு செய்த வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு சராசரி 'கஃபே ரேசர்' வண்டியின் மேல் அரை லட்சத்துக்குக் குறையாமல் அபராதம் நிற்கிறது. ஆனால் சோதனையில் மாட்டுகிறவன் யார்? ஆர்எக்ஸ் 100-ஐ வைத்துக்கொண்டு சுற்றும் குப்பத்துப் பையன். அவன் செய்தால் 'ரேஸ் ரவுடி'. அதையே ஹெல்மெட்டும் தோல் ஜாக்கெட்டும் போட்டு முப்பது பேர் வரிசையாகச் செய்தால் 'ரைடர்ஸ் கிளப்'. கடைத் திறப்பு விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

*

இதுவரை சொன்னது மனிதர்களின் ஓரவஞ்சனை. அரசாங்கம் இதையே கெஜட்டில் அச்சடித்து வைத்திருக்கிறது.

2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். பதிவெண்ணில் 'விஏ' என்று தனி எழுத்து. அதோடு முக்கியமான நிபந்தனை: அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம். வேலைக்குப் போகக் கூடாது.

இந்த விதியைப் படித்த அன்று எனக்கு நம் நாட்டின் தத்துவமே விளங்கிவிட்டது. உழைக்காத கிழம் மரியாதைக்குரியது. உழைக்கிற கிழம் தண்டனைக்குரியது.

கேன் அண்ணனின் எக்ஸ்எல்லுக்கு வருவோம். 2002-ல் பதிவான வண்டி. 15 வருடம் முடிந்து 2017-ல் புதுப்பித்தபோது கட்டணம் 300 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 1,000 ஆனது. அதே வருடக் கடைசியில் அவருக்கு அடுத்த புதுப்பிப்பு வந்தது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய இரு சக்கர வாகனத்துக்கு 2,000 என்று ஆக்கிவிட்டார்கள். 2027-ல் அதைக் கட்ட வேண்டும். பசுமை வரி தனி. அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகருக்குத் தனி; அதற்கு ரசீது கிடையாது. பத்து வருடம் செல்லும் புதிய பதிவுக்கு 20,000 கட்டுகிறவரை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொகை அவர் வண்டியின் பெயர்ப் பட்டைக்கும் சீட்டுக்கும் காணாது. அண்ணனுக்கு 2,000 என்றால் எத்தனை கேன், எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள்.

"புகை?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரிந்தும் எரியாத பெட்ரோலையும் எண்ணெயையும் வெளியே தள்ளும், நுரையீரலுக்குக் கெடுதல்தான். அப்படியானால் வண்டிக்குப் பின்னால் குனிந்து புகையை அளந்து பாருங்கள். எல்லை தாண்டினால் எக்ஸ்எல்லையும் நிறுத்துங்கள், ஆர்எக்ஸ் 100-ஐயும் நிறுத்துங்கள். சோதனைச் சாவடியில் வண்டியின் பிறந்த தேதியையும் ஓட்டுகிறவரின் சட்டையையும் பார்த்துவிட்டு, புகைக்குழாயை மட்டும் பார்க்காமல் விடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

*

பழைய மோட்டார் சைக்கிள்களின் மாபெரும் அருங்காட்சியகம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது தெரியுமா? ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. அனுமதி இலவசம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் பக்கத்துக் காலி மனை.

எம்80, லூனா, சுசுகி, ராஜ்தூத், ஸ்பிளெண்டர் என எல்லா வம்சமும் அங்கே உண்டு. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, டயர் மண்ணாகி, டேங்கில் மழைநீர் நின்று கொசு வளர்கிறது. ஒரு நிலையத்தில் ஒரு வண்டியின் ஸ்போக்குகளுக்கு நடுவே வேப்பங்கன்று முளைத்து, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றதைப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியும் ஒருவரின் பிழைப்பு. வழக்கு முடியவில்லை, அல்லது மீட்கக் காசில்லை, அல்லது எத்தனை முறை நடப்பது என்று கைவிட்டுவிட்டார்.

பறிமுதல் செய்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது, படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. கேன் அண்ணனின் எக்ஸ்எல் பிறந்த அதே வருடம். அந்தத் தீர்ப்புக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. அதையும் விண்டேஜ் என்று வகைப்படுத்தி, அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்களோ என்னவோ.

*

சாதி என்று தலைப்பில் எழுதியதை உவமை என்று நினைத்துக்கொண்டு இதுவரை படித்திருப்பீர்கள். நானும் உவமையோடு நிறுத்தியிருப்பேன். நாடு நிறுத்தவிடவில்லை.

2025 பிப்ரவரி. சிவகங்கை மாவட்டம், மேலப்பிடாவூர். பட்டியல் சாதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை அரிவாளால் வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டுவது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பம் சொன்னது. மூவரைக் கைது செய்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் போட்டார்கள்.

அதே புல்லட்தான். எங்கள் கீழ்த்தளத்தில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிற அதே வம்சம். வண்டிக்கு யார் ஏறினாலும் ஒன்றுதான். முள் நடுவுக்கு வந்ததும் மிதித்தால் எழும். கீழே நின்று பார்க்கிறவனுக்குத்தான் ஏறியவர் யார் என்பது முக்கியம். ஒருவர் ஏறினால் கம்பீரம், ஒருவர் ஏறினால் திமிர். திருவொற்றியூரில் வார்த்த இரும்பில் சாதி இல்லை. ஊருக்குள் கொண்டுவந்ததும் நாம் அதற்கும் ஒன்று ஒட்டிவிட்டோம்.

ஒரே வண்டிக்காக எத்தனை கைகள் என்று பாருங்கள். புஷ்ராடை உருட்டிய கை படத்திலிருந்து விலக்கப்பட்டது. குரோம் தொட்டியில் நனைந்த கை உறையில்லாமல் வெந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்த கை வெட்டப்பட்டது. ஸ்பேனரைப் படத்துக்காகப் பிடித்த கைக்கு மட்டும் பொன்னாடை.

பொழுதுபோக்கை ஒழியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செத்த இரும்பை எழுப்புவது நல்ல வேலை. இருப்பதைத் தூக்கிப் போடாமல் சரிசெய்துகொள்வது அதைவிட நல்ல வேலை. செய்யுங்கள். ஆனால் அடுத்த பூசைக்கு மெக்கானிக்கை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். படத்தில் அவர் முகமும், அடியில் அவர் பெயரும் இருக்கட்டும். கூலியில் பேரம் பேசாதீர்கள். விசிறியும் கையுறையும் இல்லாத பட்டறையில் குரோம் போடாதீர்கள். துரு இருந்துவிட்டுப் போகட்டும். சைலன்சரை ஊர் தூங்கும்படி மாட்டுங்கள். அரசாங்கத்துக்கு இரண்டே வேண்டுகோள். வண்டியின் வயதை விட்டுவிட்டுப் புகையை அளக்கட்டும். காவல் நிலையத்து வேப்பங்கன்று மரமாவதற்குள் அந்த வண்டிகளை உரியவரிடம் கொடுக்கட்டும்.

பழைய வண்டியைப் பேணுகிறவர் என்று எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு மாலை போடச் சொன்னால் நான் கேன் அண்ணனுக்குத்தான் போடுவேன். 2002-லிருந்து ரிங் மாற்றி, கிளட்ச் மாற்றி, லீவருக்கு லீவர் தேடி, ஒரே வண்டியை வைத்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்துவிட்டார். அதற்கு 'ரெஸ்டோரேஷன்' என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

பூசைக்குப் பிறகு புல்லட் கீழ்த்தளத்தை விட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை. உறை போட்டு மூடியிருக்கிறார்கள். எக்ஸ்எல் இன்று காலையும் ஆறு மணிக்கு வந்தது.